முப்பத்தெட்டாவது மாவட்டம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று என் இருக்கைக்கு வந்த கோப்பைப் பற்றி எழுதி வைக்கத் தோன்றுகிறது. பதினாறு வருடமாக இந்த இயக்ககத்தில் இடுகாடு, சுடுகாடு தொடர்பான கடிதங்களைத்தான் பார்க்கிறேன். சுற்றுச்சுவர் கேட்பார்கள், பாதை கேட்பார்கள், தகனமேடையின் புகைபோக்கி சாய்ந்துவிட்டது என்பார்கள். இது அந்த வகையில் சேராது. மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் அறக்கட்டளை, இறந்தவரின் உடலை எரிக்காமலும் புதைக்காமலும் மண்ணாக்கித் தர அனுமதி கேட்கிறது. மூடிய தொட்டியில் மரத்தூள், வைக்கோல், சருகுக்கு நடுவே உடலைக் கிடத்தி, காற்று செலுத்தி, இரண்டு மூன்று மாதத்தில் மக்கச் செய்து, அந்த மண்ணைக் குடும்பத்திடம் கொடுத்துவிடுவார்களாம். தொட்டி ஒன்றைச் செய்தே வைத்துவிட்டார்கள். புகைப்படம் இணைத்திருக்கிறார்கள். பார்க்கப் பெரிய மாவு டப்பா மாதிரி இருக்கிறது.

எங்கள் படிவங்களில் இரண்டே கட்டங்கள்தான். புதைத்தல், எரித்தல். மூன்றாவது கட்டத்துக்கு விதி வேண்டும். கோப்பின் ஓரத்தில் இணை இயக்குநர் பச்சை மையில் எழுதியிருக்கிறார்: "வரைவு விதிகள் தயாரித்து வைக்கவும்."

வீட்டில் அறவாழியிடம் சொன்னேன். அவர் மாநகராட்சியின் ஏரிக்கரை உரக்கூடத்தில் மேற்பார்வையாளர். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் போயி சட்டமா? நம்ம சோமுவ நான் எப்பவோ மண்ணாக்கிட்டனே."

சோமு குப்பை வண்டி இழுத்த மாடு. நான்கு வருடம் முன்பு கூடத்திலேயே செத்தது. குழி தோண்ட வர வேண்டிய எந்திரம் இரண்டு நாளாக வரவில்லை. இவர் இரண்டடிக்குச் சருகு பரப்பி, தென்னை நார்க்கழிவு கொட்டி, அதன் மேல் சோமுவைக் கிடத்தி, சாணிக்கரைசல் ஊற்றி மூடிவிட்டார். ஐந்தாம் மாதம் பிரித்தபோது கறுப்பு மண்தான் இருந்தது.

"கொம்பு மட்டும் ரெண்டு வருசம் அடம் புடிச்சுது. அது உசிரோட இருந்தப்பவே அப்படித்தான்."

ஜூன் 9, திங்கள்

எரிவாயு உருளை பதிவு செய்தேன். வெண்டைக்காய் முற்றல்.

சாப்பாட்டு மேசையில் விதிகளை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். குவியல் ஐம்பத்தைந்து பாகைக்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் இருக்க வேண்டும், அப்போதுதான் கிருமி சாகும். கூடத்தில் வெப்பமானி உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கம்பிதான். குவியல்ல அஞ்சு நிமிசம் சொருகி எடுத்துப் பொறங்கைல வையி. வைக்க முடியலன்னா குவியல் உசிரோட இருக்கு. வைக்க முடிஞ்சா செத்துப் போச்சு, புரட்டிப் போடணும்."

"விதியில கம்பின்னு எழுத முடியாதுங்க."

"எழுதாத. ஆனா எல்லாரும் கம்பியத்தான் சொருகுவான்."

பிறகு கையில் இருந்த என் வரைவுத் தாளைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். எங்கள் அலுவலகத்தில் கெடு முடிந்த கோப்புகளைக் கிழித்து மூட்டை கட்டி அவர்கள் கூடத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். காய்கறிக் கழிவின் ஈரத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளுமாம். "உன் கையெழுத்த எத்தன மூட்ட மக்க வச்சிருக்கேன் தெரியுமா? நல்லா மக்கும். அதுல சாரமே கிடையாதுல்ல" என்றார்.

பன்னிரண்டு பிரிவுகள் ஆயிற்று. ஒருவர் மண்ணை இன்னொருவர் மண்ணோடு கலக்கக் கூடாது. உணவுப் பயிருக்கு இடக் கூடாது. தொற்றுநோயால் இறந்தவருக்கு அனுமதி இல்லை. ஏழாம் பிரிவு: கதிரியக்கச் சிகிச்சை பெற்றவருக்கு அது முடிந்து முப்பது நாள் ஆகியிருக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

ஜேடி என்று நாங்கள் சொல்லும் இணை இயக்குநரின் அறையில் விவாதம். எங்கள் கண்காணிப்பாளர் ரூபாவதி மேடமும் நானும். இணை இயக்குநர் வரைவை முழுதாகப் படித்தார். அவர் முழுதாகப் படிப்பது அபூர்வம்.

"நல்லா வந்திருக்கும்மா. ஒரே ஒரு சந்தேகம். இது எல்லாருக்கும் ஒரே கூடமா? சமுதாய வாரியா தனித்தனியா வைக்கணும்னு யாராவது கேட்டா?"

"மண்ணுதானே சார்" என்றார் ரூபாவதி மேடம்.

"மண்ணுதான். ஆனா யாரு மண்ணுன்னு கேப்பாங்கல்ல."

வரைவின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டேன். பிறகு அவரே, ஒரு தொட்டிதானே இருக்கிறது, சோதனை அடிப்படையில் அறக்கட்டளைக்கு அனுமதி கொடுத்துப் பார்க்கலாம், விதி பின்னால் வரட்டும் என்றார். ஜூலை முதல் வாரம் கோப்பை மேலே அனுப்பினால் ஆகஸ்டுக்குள் சோதனை அனுமதி வந்துவிடும்.

அறவாழியிடம் அந்தக் கேள்வியைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "சாதிச் சான்றிதழ் எடுத்துட்டுத்தான் மக்கணும்போல" என்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

ஜூன் 26, வியாழன்

இடுப்பு வாரில் புதுத் துளை போட்டிருக்கிறார். கண் மஞ்சள். காமாலை என்று சொல்லி, கூடத்துப் பெண்கள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்று நாள் மோரில் குடித்தார்.

ஜூலை 4, வெள்ளி

கணையம். கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது.

டாக்டர் இளம்பெண். கணக்கு எதுவும் சொல்லவில்லை. "தீபாவளி வரைக்கும் நல்லபடியா பாத்துக்கலாம்மா" என்றாள். தீபாவளிக்குப் பிறகு என்று நான் கேட்கவில்லை. வரும் வழியில் இவர் இளநீர் குடித்தார். வழுக்கையை எனக்குச் சுரண்டிக் கொடுத்தார்.

ஜூலை 6, ஞாயிறு

துணி துவைத்தோம். அவர் பிழிந்து கொடுக்க நான் கொடியில் போட்டேன். அப்போது சொன்னார்.

"அம்சா, எனக்கு அந்தத் தொட்டி போதும்."

நான் கவ்விகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஊருக்குக் கொண்டுபோவக் கூடாது. அண்ணன் கேப்பாரு, விடாத. அப்பாவத் தூக்கிட்டுப் போனப்ப மேலத்தெரு வழியா விடல. வாய்க்கால்ல எறங்கினோம், இடுப்பளவு தண்ணி. பாடையத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டு வந்தோம். எனக்குப் பதிமூணு வயசு. என் பக்கம் சாஞ்சிச்சி, அப்பாவோட கை தண்ணியில பட்டுச்சி. அந்தப் பாதையில நான் போவ மாட்டேன்."

"இங்கயே..."

"எரிக்கறதும் வேணாம். குப்பைமேடு எரிஞ்சப்ப பதினோரு நாள் அந்தப் பொகையத் தின்னுட்டேன். போதும்."

என் பக்கத்துக்கு என்று ஒரு சுடுகாடு இருக்கிறது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் என் வீட்டார் உயிரோடே அவரை வாசல் தாண்ட விட்டதில்லை.

"ஆகஸ்டுல அனுமதி வந்துரும்ன்னல்ல" என்றார். "அது வந்துட்டா எனக்கு நிம்மதி. அப்பறம் எப்ப வேணா..."

தண்ணீர் லாரி வந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

இட்லி அரிசி ஊறப் போட மறந்துவிட்டேன்.

ரூபாவதி மேடம் விடுப்பு. கோப்பு மேலே போக வேண்டிய நாள். எடுத்துப் புரட்டியபோது ஒரு குறை தெரிந்தது. இப்படி ஒரு புது முறையைப் புகுத்தும் முன்பு, எந்தெந்த மாவட்டத்தில் இதற்கு முன் இத்தகைய கோரிக்கை வந்தது, இடம் உண்டா, எதிர்ப்பு உண்டா என்று தெரிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் தணிக்கையில் கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது? எல்லா மாவட்டங்களுக்கும் கடிதம் தயாரித்தேன். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே எழுதி அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் இன்மை அறிக்கை. முப்பத்தெட்டும் வந்து சேர்ந்த பின்பே கோப்பு மேலே செல்லும் என்று குறிப்பில் எழுதினேன். பதினாறு வருடமாக இப்படித்தான் செய்து வருகிறேன். தெருவிளக்குக் கணக்குக்கே முப்பத்தெட்டு அறிக்கை வாங்கியிருக்கிறோம்.

இணை இயக்குநர் வேறு பதினோரு கடிதங்களோடு இதையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை.

மதியம் தயிர்சாதம். முப்பத்தெட்டு உறைகளையும் நானே ஒட்டினேன்.

ஜூலை 22, செவ்வாய்

அறிக்கை: 9.

முதல் ஊசி போட்டாயிற்று. வாந்தி. அரை நாள் வேலைக்குப் போகிறார். போக வேண்டாம் என்றால், "வீட்ல உக்காந்தா வயித்த மட்டும்தான் பாத்துட்டு இருப்பேன்" என்கிறார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அறிக்கை: 14. எல்லாமே இன்மை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டார். "கோப்பு எங்க இருக்கு?"

"மாவட்டங்கள்ல ரிப்போர்ட் கேட்டிருக்கு."

"எத்தன மாவட்டம்?"

"எல்லாம்."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். அவரும் இருபத்திரண்டு வருடம் மாநகராட்சியில் இருப்பவர். எல்லா மாவட்டம் என்றால் என்னவென்று தெரியும்.

"ஒரு தொட்டிக்கு முப்பத்தெட்டு மாவட்டமா? யாரு கேட்டது?"

"மேலருந்து."

என்னைப் பார்த்தார். வழக்கமாக இப்படிச் சொன்னால், மேலே யார், எந்த அறை, ஜன்னல் ஓரமா என்று கேலி செய்வார். இன்று ஒன்றும் கேட்கவில்லை. "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். நான் கொண்டுவந்து போட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

அறிக்கை: 26. சட்டைகளை அளவு குறைத்துத் தைக்கக் கொடுத்தேன். தையற்காரர், "சாரு உடம்ப நல்லா குறைச்சிட்டாரு போல" என்றார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

அவருடைய அண்ணன் சின்னதம்பி மாமா ஊரிலிருந்து வந்தார். பையில் முருங்கைக்காய், நாட்டுக்கோழி முட்டை, விபூதிப் பொட்டலம். தம்பியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னடா இது, துடைப்பக் குச்சியாட்டம்."

"சக்கரைய கொறைச்சேன்."

"போடா." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

அவர் தூங்கியபோது சமையலறைக்கு வந்தார். "அம்சவேணி, நான் சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காதம்மா. உங்களுக்குப் புள்ள இல்ல. கொள்ளி வைக்க எம் மவன் இருக்கான். அப்பன் ஆத்தா பக்கத்துல அவனுக்கும் ஒரு எடம் இருக்கு."

"அவரு வேணாம்னுட்டாரு மாமா."

"எல்லாம் சொன்னான். என்னமோ தொட்டி, நார்க்கழிவுன்னு. அவன் செத்த மாட்ட மூடினவன், அதான் அப்படிப் பேசறான். மனுசன் மாடா?"

"எடுத்துட்டுப் போனா, இப்ப மேலத்தெரு வழியா விடுவாங்களா?"

மாமா முட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு நல்லதா என்று பார்த்தார். எல்லாம் அடியில் படிந்தன. "தார் ரோடு போட்டுட்டாங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "வாய்க்கால்ல இப்ப தண்ணி இல்ல" என்றார்.

செப்டம்பர் 25, வியாழன்

அறிக்கை: 33.

ரூபாவதி மேடம் கோப்பை என் மேசைக்குக் கொண்டுவந்தார். "அம்சா, இந்த மாவட்ட லெட்டர் எப்ப போச்சு? நான் லீவுல இருந்தப்பவா? ஜேடி கேட்டாரா?"

"பொதுவா கேக்கறதுதானே மேடம்."

"பொதுவா கேப்போம், யாரு இல்லேன்னா. ஆனா இத சோதனை அனுமதிக்கு நேரா அனுப்பறதா இல்ல பேச்சு?" நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்காரரு உடம்பு எப்படி இருக்கு? சரி, வந்த முப்பத்திமூணு போதும். மீதி பின்னால அனுப்பறோம்னு எழுதி இன்னிக்கே அனுப்பிடலாமா? நான் ஜேடிகிட்ட பேசறேன்."

"முழுசா வந்துரட்டும் மேடம்."

சொன்னது நான்தான். சொல்லிவிட்டு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். தாள்கள் பறந்தன, பொறுக்கினேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கூடத்துப் பெண்கள் ஐந்து பேர் பொரி, சுண்டலோடு வந்தார்கள். அவருடைய கம்பிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். "சாரு கை படாம பூச எப்படி" என்றாள் பவுனு. அவர் கம்பியை மடியில் வைத்துக்கொண்டார். அவர்கள் போன பிறகு கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.

அக்டோபர் 8, புதன்

சாயங்காலம் முதுகு துடைத்துவிட்டேன். விலா எலும்பு ஒவ்வொன்றிலும் துணி ஏறி இறங்கியது.

"எத்தன வந்திருக்கு?"

"முப்பத்தஞ்சு."

"முப்பத்தெட்டும் வர்ற வரைக்கும் நான் இருக்கணுமாக்கும்." சிரித்தார். சிரித்தால் வலிக்கிறது, பாதியில் நிறுத்திக்கொள்கிறார். "அம்சா, புதுசா வேலைக்கு வர்றவங்க குவியலத் தொறக்கப் பயப்படுவாங்க. உள்ள என்ன இருக்கோன்னு. தள்ளிப் போட்டுகிட்டே இருப்பாங்க. தொறக்கலன்னாலும் உள்ள வேல நடந்துகிட்டுதான் இருக்கும்."

"மோர் கலக்கட்டுமா?" என்றேன்.

"கலக்கு" என்றார். பிறகு நான் எழுந்தபோது கையைப் பிடித்து, "கோவம் இல்ல" என்றார்.

எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. மோர் புளித்திருந்தது. கீழே கொட்டிவிட்டு வேறு கலந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

காலையிலேயே மூன்று மாவட்டத்துக்கும் தொலைபேசியில் பேசினேன். நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். மதியம் மறுபடி பேசினேன்.

அறக்கட்டளைக்கும் பேசினேன். அங்கே ஒரு பெரியவர் எடுத்தார். தொட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குங்க. தினமும் துடைச்சு வைக்கிறோம். உங்க காகிதம் வரட்டும்னு இருக்கோம்" என்றார். நான் யார் என்று சொல்லவில்லை. இருக்கையின் எண்ணை மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

37.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. டாக்டர் சொன்ன நாள். இருக்கிறார். வெடிச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

அக்டோபர் 27, திங்கள்

அந்த ஒரு மாவட்டத்துக்குப் பதினோராவது முறையாகப் பேசினேன்.

"மேடம், அந்த இருக்கை காலி மேடம். நான் கூடுதல் பொறுப்புல பாக்கறேன்."

"இன்மைதானே? அத எழுதி அனுப்புங்க தம்பி."

"இன்மைதான் மேடம். இன்மைன்னு எழுதி ரெடியாவே வச்சிருக்கேன். கையெழுத்துப் போட அதிகாரி மாறுதல்ல போயிட்டாரு. புதுசா வர்றவரு இன்னும் சேரல."

"பொறுப்பு அதிகாரி இல்லையா?"

"இருக்காரு மேடம். இறந்தவங்க விஷயத்துல புதுசா எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. ஒண்ணுமில்லன்னு எழுதறதுலகூட ஏதோ இருக்குன்னு நெனைக்கறாரு."

நல்ல பையன். என்னைத் திட்டவில்லை. பேசும்போது பின்னால் யாரோ டீ டீ என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 6, வியாழன்

இணை இயக்குநரிடம் போய் நின்றேன். ஓர் அறிக்கை இல்லாமலே அனுப்பிவிடலாம் சார் என்றேன். கோப்பைப் புரட்டினார். என் குறிப்பைக் கண்டுபிடித்து அதன் மேல் விரல் வைத்தார்.

"முப்பத்தெட்டும் வந்தாத்தான் போகும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இப்ப ஒண்ணு இல்லாம அனுப்பினா, அந்த ஒரு மாவட்டத்துல என்ன மறைக்கறீங்கன்னு கேப்பாங்கம்மா."

"சார், அது தேவையில்லாம எழுதிட்டேன் சார்."

"எழுதினது எழுதினதுதானே." கனிவாகத்தான் சொன்னார். பிறகு, "இது உங்க வீட்டு விஷயமா?" என்று கேட்டார். ரூபாவதி மேடம் சொல்லியிருப்பார். இல்லை சார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டு விஷயம் என்றால் கோப்பை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

நவம்பர் 10, திங்கள்

மழை. அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. உரக்கூடத்தின் பக்கம் காற்றடித்தால் மட்டும் முகத்தைத் திருப்புகிறார். எங்கள் வீடு வரைக்கும் அந்த வாசனை வராது. அவருக்கு வருகிறது.

ஏழாம் பிரிவில் அடிபட்டுப் போவேனா என்று ஒருமுறை கேட்டார். கதிரியக்கம் அவருக்குக் கொடுக்கவே இல்லை. மாட்டீங்க, எல்லாப் பிரிவிலயும் தேறுவீங்க என்றேன். சந்தோஷப்பட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

பாதங்கள் குளிர்ந்திருக்கின்றன. என் புறங்கையை வைத்துப் பார்த்தேன். எவ்வளவு நேரமும் வைத்திருக்க முடிந்தது.

நவம்பர் 17, திங்கள்

காலை ஒன்பது நாற்பது.

நவம்பர் 19, புதன்

நேற்றையதை எழுதி வைக்கிறேன்.

மாமா வேனோடு வந்திருந்தார். ஊருக்குத்தான் என்றார். நான் வாசலில் நின்றேன். "மாமா, வாய்க்கால் வழின்னா நான் விட மாட்டேன்." மேலத்தெருவில் யாருக்கோ தொலைபேசியில் பேசினார். நெடுநேரம் சரிங்க, சரிங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வேன்காரரை அனுப்பிவிட்டார். என் பக்கம் பார்க்காமல், "இங்கயே வச்சிக்கலாம்மா" என்றார்.

இங்கே என்றால் எரிவாயு தகனமேடை. வேறென்ன இருக்கிறது?

அறக்கட்டளைக்குக் காலையிலேயே பேசியிருந்தேன். அந்தப் பெரியவர்தான் எடுத்தார். "காகிதம் இல்லாம வாங்கினா எங்கள உள்ள போட்டுருவாங்கம்மா" என்றார். பிறகு, "யாரும்மா, உங்க வீட்லயா?" என்றார். வைத்துவிட்டேன்.

தகனமேடை அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். ஏழு வருடம் முன்பு நான் திருத்திய படிவம். நான்காம் வரிசையில் இரண்டு கட்டங்கள். அங்கிருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எரித்தல்ல டிக் போடுங்கம்மா" என்றார். மூன்றாவது கட்டத்துக்கு அங்கே இடம் இருக்கிறது. அச்சடிக்கும்போது வலது ஓரம் கொஞ்சம் காலியாக விட்டிருந்தோம். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இன்னொரு குடும்பம் காத்திருந்தது.

டிக் போட்டேன்.

மாமாவின் மகன் பொத்தானை அழுத்தினான். பவுனு என் பக்கத்தில் நின்றாள். பெண்கள் வரக் கூடாது என்று யாரோ சொன்னதற்கு, "குப்பைமேட்டுல நாங்க எதத் தூக்கலன்ற?" என்று கேட்டாள். கதவு இறங்கியதும் புகைபோக்கியைப் பார்த்தேன். மழையில் புகை மேலே போகாமல் எங்கள் மேலேயே இறங்கியது.

நவம்பர் 25, செவ்வாய்

சாம்பல் ஒரு செம்பில் வந்திருக்கிறது. உரக்கூடத்தில் போடலாமா என்று பவுனு கேட்டாள். அவரே சொல்லியிருக்கிறார், குவியலில் சாம்பல் கூடினால் உள்ளே வேலை செய்யும் உயிரெல்லாம் செத்துவிடும். வேண்டாம் என்றேன். மாமா ஆற்றுக்குக் கொண்டுபோனார்.

டிசம்பர் 3, புதன்

வேலைக்குப் போனேன். மேசையில் தபால் குவிந்திருந்தது. எட்டாவது உறை அந்த மாவட்டம். ஒரே வரி: "இம்மாவட்டத்தைப் பொறுத்தவரை அறிக்கை இன்மை எனப் பணிந்து தெரிவிக்கப்படுகிறது." கையெழுத்துப் போட்ட தேதி நவம்பர் 12.

வந்தது 38 என்று பதிவேட்டில் எழுதினேன்.

ரூபாவதி மேடம் என் தோளில் கை வைத்தார். "அப்பவே அனுப்பியிருந்தாலும் அனுமதி வந்திருக்கும்னு என்ன நிச்சயம்? மனச வருத்திக்காத." அவர் கை கனமாக இருந்தது. ஆகஸ்டில் வந்திருக்கும் மேடம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

டிசம்பர் 9, செவ்வாய்

அறக்கட்டளையின் கடிதம். மனுவைத் திரும்பப் பெறுகிறார்கள். ஆறு மாதமாகப் பதில் இல்லாததால் தொட்டியை ஒரு மாட்டுப் பண்ணைக்குத் தீவனம் கொட்டி வைக்கக் கொடுத்துவிட்டார்களாம். கையெழுத்து நடுங்கியிருக்கிறது. அந்தப் பெரியவர்தான்.

இணை இயக்குநர் பச்சை மையில்: "மனு இல்லாததால் கோப்பை முடிக்கலாம்."

டிசம்பர் 11, வியாழன்

முடித்தேன்.

ஒரு கோப்பை முடிக்கும்போது அதை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். விதி வரைவு உள்ள கோப்பு என்பதால் நிரந்தரம் போடலாம் என்றார் ரூபாவதி மேடம். "நாளைக்கே வேற யாராவது கேட்டு வரலாம் இல்ல? உன் பன்னிரண்டு பிரிவும் அப்படியே இருக்கும்." உண்மைதான். அறவாழி சொல்லச் சொல்ல நான் எழுதிய பிரிவுகள். மூன்றாவது தாளில் கஞ்சிக் கறை மாதிரி ஒன்று இருக்கிறது, அது காபி.

பக்க எண் போட்டு வந்தேன். நாற்பத்தோராம் பக்கம் ஜூலை 8 தேதியிட்ட மாவட்டக் கடிதத்தின் நகல். கீழே இடது ஓரத்தில் தயாரித்தவரின் சுருக்கொப்பம் இருக்கும், என்னுடையது. அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். ஜூலை 4 அன்று டாக்டரிடம் போனோம். 6 அன்று துணி துவைத்தோம். தேதிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக யாராவது எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். யாரும் எழுதிப் பார்க்கப் போவதில்லை. அவர் எழுதாமலே பார்த்துவிட்டார்.

தாளை எடுக்கவில்லை. அதே இடத்தில் வைத்துத் தைத்தேன்.

மேலட்டையில் ஓராண்டு என்று எழுதினேன். மேடம் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஓராண்டா? அடுத்த டிசம்பர்ல கிழிச்சிருவாங்களே" என்றார்.

"கிழிக்கட்டும் மேடம்."

கிழித்து மூட்டை கட்டுவார்கள். மூட்டை ஏரிக்கரைக்குப் போகும். பவுனு அதைக் காய்கறிக் கழிவின் மேல் கொட்டி நார்க்கழிவு போட்டு மூடுவாள். மூன்றாம் நாள் குவியல் சூடேறும். கம்பி என் வீட்டில் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.